டெர்ரிவீன் கேட்டைப் பூட்டியவள்

க்ளோன்பிராக் போலீஸ் ஸ்டேஷன்,
13 செப்டம்பர் 1920

அன்புள்ள டெலியா அக்காவுக்கு,

நேற்று மதியம் உன் வீட்டுக் கதவைத் தட்டியது நான்தான் என்று உனக்குத் தெரியும். ஜன்னல் திரை அசைந்ததைப் பார்த்தேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. உன் வெள்ளாடுகூட என்னைப் பார்த்துக் கத்தியது, நீதான் வாய் திறக்கவில்லை. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுக்காத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? கொண்டுவந்த தேயிலைப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன். மழைக்கு முன் எடுத்து வைத்தாயா?

இங்கே நிலைமை நீ கேள்விப்பட்டதுதான். இங்கிலாந்து ராஜாவின் போலீஸ் என்று ஊரில் எங்களுக்கு யாரும் பால் கொடுப்பதில்லை, ரொட்டி விற்பதில்லை. முடி வெட்டிவிட ஆளில்லை. சார்ஜென்ட் மல்ஹெர்ன்தான் எங்கள் எல்லாருக்கும் வெட்டிவிடுகிறார். கம்பளி கத்தரித்த செம்மறிக் கூட்டம் மாதிரி இருக்கிறோம். ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புத் தகடு அடித்துவிட்டார்கள். பகலிலும் விளக்கு எரிகிறது.

போதாததற்குப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். இங்கிலாந்திலிருந்து. போருக்குப் போய்வந்து வேலையில்லாமல் கிடந்தவர்கள். எங்கள் ஆட்கள் ராஜினாமா கொடுக்கக் கொடுக்க, அந்த இடங்களை இவர்களைக் கொண்டு நிரப்புகிறார்கள். முழுச் சீருடைக்குத் துணி இல்லையாம். மேலே எங்கள் கறுப்புச் சட்டை, கீழே பட்டாளத்துக் காக்கிக் கால்சட்டை. என் பக்கத்துக் கட்டிலில் விட்லாக் என்று ஒருவன். தூக்கத்தில் அழுகிறான், விழித்ததும் குடிக்கிறான். நம் ஊர்ப் பெயர் ஒன்றுகூட அவன் வாயில் நுழைவதில்லை. இவர்களுக்கு ஒரு கேப்டன். அவர் எங்கள் இன்ஸ்பெக்டரையே மதிப்பதில்லை.

நான் இந்த வேலையில் சேர்ந்த அன்று அப்பா நம் பிறந்த மண்ணான மேயோவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாரே, நினைவிருக்கிறதா? சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பத்தில் பென்ஷன் வருகிற வேலை. அந்தப் போலீஸ்காரன்தான் நான். வேறு ஆளாகிவிடவில்லை.

அடுத்த ஞாயிறு சீருடை இல்லாமல் வருகிறேன். கதவைத் திற.

உன் தம்பி,
மலாக்கி


டெர்ரிவீன் ரயில்வே கேட்,
16 செப்டம்பர் 1920

மலாக்கி,

ஞாயிற்றுக்கிழமை வராதே.

தேயிலை நனையவில்லை. நல்ல தேயிலை. குடிக்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது, அதனால் கூட ஒரு கோப்பை குடிக்கிறேன்.

ஊருக்குப் பயந்து கதவைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. என் புருஷன் தண்டவாளத்தில் செத்த பிறகு இந்தக் கேட்டையும் இந்த வீட்டையும் தனியாக வைத்துக்கொண்டு இருக்கிறேன். பயம் என்கிற ஆசாமியை நான் உள்ளே விட்டதில்லை. உன்னை ஏன் விடவில்லை என்று கேட்கிறாய் அல்லவா, சொல்கிறேன்.

போன சந்தை நாளில் முட்டை விற்க க்ளோன்பிராக் வந்திருந்தேன். கறுப்பும் காக்கியும் போட்ட உன் இருநிறத்தான்கள் பள்ளிக்கூட லெனிஹன் மாஸ்டரைச் சந்தை நடுவில் சேற்றில் முட்டி போட வைத்தார்கள். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டைப் பாடச் சொன்னார்கள். மாஸ்டர் பாடவில்லை. துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். அப்போதும் பாடவில்லை. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு போலீஸ்காரன் கையை விரித்துக்கொண்டு, "தள்ளிப் போங்க, வேடிக்கை பாக்காதீங்க, தள்ளிப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் குரலை நீ தொட்டிலில் கிடந்தபோதே எனக்குத் தெரியும்.

நீ அடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அடிக்கிறவனுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாய்.

வேலையை விட்டுவிடு மலாக்கி. மற்றவர்கள் விடவில்லையா? இங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது. உருளைக்கிழங்கு இருக்கிறது, ஆட்டுப்பால் இருக்கிறது, அடுப்புக்குச் சதுப்பு நிலத்தில் வெட்டிய கரி இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் எத்தனையோ பேர் கிழவர்கள் ஆகியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிவிட்டு வருகிறவனுக்குத்தான் கதவு.

டெலியா


க்ளோன்பிராக்,
28 செப்டம்பர் 1920

அக்கா,

உன் கடிதத்தை எனக்கு முன்னால், ராஜாவின் ஆட்சியை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கித் திரிகிற உன் ஊர்ப் பையன்கள் படித்திருக்கிறார்கள். வழியில் தபால் பையைப் பறித்து, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஓரத்தில் பென்சிலால் "அக்கா சொல்லைக் கேள்" என்று வேறு எழுதியிருந்தது. ஸ்டேஷனில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது போன வாரம். இன்று சிரிப்பு வரவில்லை.

எங்கள் கான்ஸ்டபிள் கெராட்டியை அந்தப் பையன்கள் சுட்டுவிட்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் மனைவியோடு வந்துகொண்டிருந்தான். கையில் துப்பாக்கிகூட இல்லை. அவன் யாரையும் அடித்ததில்லை, யாருக்கும் இடமும் ஒதுக்கிக் கொடுத்ததில்லை. உன் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தவன். அவன் மனைவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முழுக்கக் கோயில் வாசலில் நின்றது. ஒருவரும் கிட்டே போகவில்லை. அதையும் எழுது அக்கா, லெனிஹன் மாஸ்டரைப் பற்றி எழுதிய கையால்.

வேலையை விடு என்கிறாய். விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அவன் துரோகி. ஊருக்கு அவன் என்றைக்கும் போலீஸ்காரன். இரண்டு பக்கமும் வேண்டாதவனாகிக் கப்பலேறி லிவர்பூலில் மூட்டை தூக்குகிறான். அதோடு இன்னொன்று. மல்ஹெர்னும் நானும் இன்னும் சில பழைய ஆட்களும் இருப்பதால்தான் இவர்கள் இந்த அளவோடு நிற்கிறார்கள். நாங்களும் போய்விட்டால் கேப்டனைப் பிடித்து நிறுத்த யார் இருக்கிறார்கள்?

லாரிகள் வந்தால் சண்டை வளர்க்காமல் கேட்டைத் திறந்துவிடு. அது போதும்.

மலாக்கி


டெர்ரிவீன்,
6 அக்டோபர் 1920

தம்பி மலாக்கி,

கெராட்டிக்காக அழுதேன். கடிகாரத்தைச் சரிசெய்ய வந்தவன் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆட்டின் குளம்பையும் பார்த்துச் சீவிவிட்டுப் போனான். அவன் மனைவிக்கு நேற்று நேரில் போய் வெண்ணெயும் ரொட்டியும் கொடுத்தேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். தெருவில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், திருப்பிக்கொள்ளட்டும். அவனைச் சுட்டது தப்பு. பையன்களில் ஒருவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது உன் விஷயம். நீ அவர்களைப் பிடித்து நிறுத்துகிறாய் என்கிறாய். எதை நிறுத்தினாய், ஒன்று சொல். லெனிஹன் மாஸ்டர் இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார்.

உனக்கு லார் ஹான்ரஹனைத் தெரியும், என் புருஷனோடு வேலை பார்த்த எஞ்சின் டிரைவர். போன வாரம் டெர்ரிவீன் நிலையத்தில் உன் ஆட்கள் துப்பாக்கியோடு அவருடைய ரயிலில் ஏறினார்கள். துப்பாக்கி ஏறினால் ரயில் நகராது என்று ரயில்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்களே. லார் எஞ்சினை விட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பைப்பைப் பற்றவைத்தார். நெற்றியில் துப்பாக்கி வைத்தார்கள். "சுடுங்க. அப்புறம் நீங்களே ஓட்டிக்குங்க" என்றார். அவர்கள் இறங்கிப் போனார்கள். லாருக்கு வேலை போய்விட்டது. வீட்டில் வரிசையாகக் குழந்தைகள். ஆனால் முகத்தைப் பார்த்தால் பரிசு விழுந்தவர் மாதிரி இருக்கிறார்.

ரயில் கிடைக்காததால் இப்போது எல்லாம் லாரியில், எல்லாம் என் கேட் வழியாக. ரயில்வே சட்டப்படி கேட் எந்நேரமும் ரோட்டுக்குக் குறுக்கே சாத்தித்தான் இருக்கும், வண்டி வந்து நின்றால் நான்தான் வந்து திறக்க வேண்டும். உன் கேப்டன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிறார். நான் கையைத் துடைத்து, சால்வை போட்டு, இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திறக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. பக்கத்து ஊர்களில் உன் ஆட்கள் பால் சொசைட்டிகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். எங்கே ஒரு துப்பாக்கி வெடித்தாலும் அந்த வட்டாரத்துச் சொசைட்டிக்குத் தீ. எங்கள் ஊர்ச் சொசைட்டி இந்த வட்டாரத்தின் வயிறு. ஒவ்வொரு வீடும் பங்கு போட்டுக் கட்டியது. அதைக் கொளுத்து என்று உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்வாய்?

டெலியா


19 அக்டோபர் 1920

அக்கா,

இதைத் தபாலில் போடவில்லை. ஃபாதர் கீன் பாவசங்கீர்த்தனம் கேட்க இங்கே வந்தார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போடு.

நேற்று பாலத்தருகே பையன்கள் எங்கள் லாரியை மறித்துச் சுட்டார்கள். புது ஆட்களில் இருவர் செத்துவிட்டார்கள். ஒருவன் விட்லாக்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ளேயே இரு. சொசைட்டிப் பக்கம் போகாதே. அதைச் சுற்றியிருக்கும் வீடுகளில் உனக்கு வேண்டியவர்கள் இருந்தால் அவர்களும் இருக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் லாரிகள் வரும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடு. எதிரே நிற்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வழி காட்ட என்னையும் அழைத்துப் போகிறார்கள்.

ம.


டெர்ரிவீன்,
24 அக்டோபர் 1920

கான்ஸ்டபிள் மலாக்கி ஹெஷனுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஸ்டேஷனில் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நன்றாகப் படிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது லாரியில், முன் சீட்டில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஆனால் முழு நேரமும் தலையைக் குனிந்து உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்ததால், என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அதனால் சொல்கிறேன்.

எனக்கு யாரும் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு பேர் செத்த பிறகு அடுத்து என்ன வரும் என்று இந்த வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். காலையிலேயே சொசைட்டி மேனேஜர் பாட் குவில்டியிடம் போய், ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்றேன். குவில்டிக்கு என்னைப் பிடிக்காது. போலீஸ்காரனுக்கு அக்கா என்று என்னிடம் பால் வாங்கவே தயங்கியவர். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வண்டி கட்டச் சொன்னார். சுற்றியிருந்த வீடுகளில் படுத்த படுக்கையாக இருந்தவர்களைக் கதவுப் பலகையில் வைத்துத் தூக்கினார்கள். பாலாடை பிரிக்கும் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கினார்கள். கழற்றி ஏற்ற நேரம் போதாது என்றார் குவில்டி. நேரம் நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டைச் சாத்தினேன். என் புருஷனின் சங்கிலியைச் சுற்றி, பெரிய பூட்டைப் போட்டு, சாவியைக் கால்வாயில் எறிந்தேன். லாரிகள் வந்தன. கேப்டன் ஹாரன் அடித்தார். நான் கேட்டில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"தொற" என்றார்.

"ரயில் வருது" என்றேன்.

"எந்த ரயில்? உங்காளுங்கதான் ரயில் ஓட்ட மாட்டேங்கிறாங்களே."

"நீங்க ஏறாத ரயில் எல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

லாரியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது நீ இல்லை. கேப்டன் இறங்கி வந்தார். ரயில் வரவில்லை என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். சாவி எங்கே என்றார்.

"தண்ணிக்குள்ள. நீச்சல் தெரிஞ்சா எடுத்துக்குங்க."

அறைந்தார். உதடு கிழிந்தது. ரிவால்வரை எடுத்து என் கழுத்தில் வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது. எனக்கு அப்போது அவரைப் பார்க்கத் தோன்றவில்லை மலாக்கி. அவர் தோளுக்கு மேல் உன்னைப் பார்த்தேன். நீ நிமிர்ந்தால் போதும் என்று இருந்தது. நீ இறங்கி வர வேண்டாம், துப்பாக்கி எடுக்க வேண்டாம். ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்திருந்தால் நான் அதை வைத்துக்கொண்டே செத்திருப்பேன். நீ நிமிரவில்லை.

அவர் சுடவில்லை. இரண்டு பேர் என்னைத் தூக்கி ஓரத்தில் போட்டார்கள். முதல் லாரியை விட்டுக் கேட்டை இடித்தார்கள். ஓக் மரக் கேட், ஒரே இடியில் போகவில்லை. மூன்றாவது இடியில் கேட்டும் போனது, லாரியின் முன்பக்கமும் போனது. கொதிநீர் பீச்சியடித்து, தண்டவாளத்தின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. அதை நகர்த்தி ஓரம் கட்டுவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

நீங்கள் போய்ச் சேர்ந்தபோது வெறும் சுவர்தான் இருந்திருக்கும். கொளுத்தினீர்கள். புகையை இங்கிருந்தே பார்த்தேன். இயந்திரம் சதுப்பு நிலத்தில் எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று எனக்கே தெரியாது, ஆகவே கேட்க வர வேண்டாம். திரும்பும் வழியில் என் ஜன்னல்களை உடைத்து, வெள்ளாட்டைச் சுட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் உங்கள் ராஜாவுக்கு எதிராகச் சதி செய்ததோ என்னவோ.

அந்தத் திரும்பி வந்த லாரியில் உன்னைப் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை.

டெலியா நூனன்


ராணுவச் சிறை,
2 நவம்பர் 1920

அக்கா,

உன் கடிதத்தைச் சார்ஜென்ட் மல்ஹெர்ன் இங்கே அனுப்பி வைத்தார். பிரித்துப் படித்திருந்தார்கள். காவலுக்கு நிற்கும் சிப்பாய் ஒருவன், "நீச்சல் தெரிஞ்சா எடுத்துக்குங்கன்னு சொன்னது உன் அக்காவா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அன்று மாலை எனக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி கிடைத்தது.

நீ எழுதியதெல்லாம் சரி. நான் நிமிரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். சொசைட்டி முற்றத்தில் லாரி நின்றது. ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. சிலர் மட்டும் தூரத்தில், கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் என்னைக் கூப்பிட்டு, பெட்ரோல் டின் ஒன்றைக் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் இந்த எடம் தெரியும். எங்க ஊத்தணும்னு நீயே காட்டு" என்றார்.

டின் கனமாக இருந்தது. அதைப் படிக்கட்டில் வைத்தேன். தொப்பியைக் கழற்றி டின் மேல் வைத்தேன். பெல்ட்டைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். எனக்கே நான் செய்வது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"என்ன இது?" என்றார்.

"என் வேல முடிஞ்சுது சார்."

"கட்டளை மீறினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். செய்யச் சொன்னது என்னன்னும் தெரியும்."

கெர்ரி மாவட்டத்துக் கான்ஸ்டபிள் ஒருவன், என்னைவிட இளையவன், வரிசையிலிருந்து வந்து அவன் தொப்பியையும் என் தொப்பி பக்கத்தில் வைத்தான். மல்ஹெர்ன் கையில் டின்னோடு நின்றார். ஊற்றவில்லை, கீழேயும் வைக்கவில்லை. கேப்டன் அவரை விட்டுவிட்டார். எங்கள் இருவரையும் முற்றத்திலேயே அடித்தார்கள். எனக்கு விலா எலும்பு இரண்டு போய்விட்டது, காது ஒன்று சரியாகக் கேட்கவில்லை. கொளுத்தினார்கள். நான் தரையில் கிடந்து பார்த்தேன்.

ஊருக்கு யார் முன்கூட்டிச் சொன்னது என்று தினமும் கேட்கிறார்கள். கைக்குழந்தைக்கும் தெரியுமாம் என்று உன் கடிதத்தையே காட்டினேன்.

ஆட்டுக்காக வருத்தப்படுகிறேன்.

மலாக்கி


டெர்ரிவீன்,
14 நவம்பர் 1920

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வெளியே போய்க் கொஞ்ச நேரம் தண்டவாளத்தில் நடந்துவிட்டு வந்தேன். வேறென்ன எழுதுவது. எந்தப் பக்கத்து விலா? மூச்சு இழுத்தால் வலிக்கிறதா? இறுக்கிக் கட்டத் துணி கேள். கொடுக்காவிட்டால் சட்டையைக் கிழி.

கோயில் மதிலுக்குப் பின்னால் நின்றவர்களில் லார் ஹான்ரஹனும் ஒருவர். அவர் அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னார். நான் நம்பவில்லை. இனிக்க எதையோ சொல்லி என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்துத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதியதை மாற்றப் போவதில்லை, கேட்டில் நீ நிமிரவில்லை என்பது நடந்தது. படிக்கட்டில் டின்னை வைத்ததும் நடந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் இனி உன்னை நினைக்க வேண்டும். நினைக்கிறேன். எனக்குப் பெருமையாக இருக்கிறது மலாக்கி. இந்த வார்த்தையை இன்னொரு தடவை எழுத வைக்காதே.

ஊர் ஒரே மாதிரி பேசவில்லை. ஒரே நாளில் மனிதன் மாறிவிடுவானா, வேவு பார்க்க அனுப்பிய நாடகமாக இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். கெராட்டியின் மனைவி மட்டும் வந்து, உனக்கென்று கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள். இத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

ரயில்வே கம்பெனி என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. கேட்டைத் திறக்க மறுத்ததற்காம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஒரு ஆள் வந்தார். கேட்டே இல்லை, எதைத் திறப்பது, முதலில் கேட்டை மாட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்றேன். எனக்குப் பதிலாக இங்கே வர ரயில்காரர் யாரும் சம்மதிக்கவில்லை. லார் உடைந்த பலகைகளை ஒட்டுப்போட்டு அவரே கேட்டை மாட்டிவிட்டார். சம்பளம் இல்லாத கேட்டுக்குச் சம்பளம் இல்லாத காவல்காரியாக இருக்கிறேன்.

லாரிகள் இப்போதும் வருகின்றன. கேப்டன் ஹாரன் அடிப்பதில்லை. காத்திருக்கிறார். நான் சால்வை போட்டுக்கொண்டு வருகிறேன்.

டெலியா


துறைமுகத் தெரு விடுதி,
10 ஜனவரி 1921

அக்கா,

என்னை வெளியே விட்டுவிட்டார்கள். விசாரணை வைத்தால் பத்திரிகையில் வரும் என்று யாருக்கோ பயம். சீருடையும் இல்லை, பென்ஷனும் இல்லை. "செய்ததற்கு வருந்துகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் பாதிப் பென்ஷன் தருவதாகச் சொன்னார்கள். வருந்துவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன, இது அதில் இல்லை என்றேன்.

கேப்டன் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த கப்பலில் போய்விடு, க்ளோன்பிராக் தெருவில் உன்னைப் பார்த்தால் நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று செய்தி. பையன்கள் பக்கமிருந்தும் இரண்டு பேர் வந்து, எங்கே போகப் போகிறாய் என்று கேட்டார்கள். மிரட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

சனிக்கிழமை லிவர்பூல் கப்பலுக்கு இடம் கேட்டிருக்கிறேன். பயந்து போகவில்லை. நான் வந்தால் உன் கூரையையும் கொளுத்துவார்கள். ஊரும் உன்னை மறுபடி ஒதுக்கும். உனக்கு இருப்பதே அந்த ஒட்டுப்போட்ட கேட்டும் அந்த வீடும்தான். அதையும் என்னால் இழக்க வேண்டாம். அங்கே போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன்.

மலாக்கி


டெர்ரிவீன்,
12 ஜனவரி 1921

மலாக்கி,

கப்பலேறாதே.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குவில்டியிடம் போனேன். அவர் வைக்கோல் கொட்டகையில்தான் இப்போது சொசைட்டி நடக்கிறது. இயந்திரம் ஓடுகிறது, பால் வருகிறது, வெண்ணெய் போகிறது. பங்குக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். பையன்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் இருந்தார், பெயர் எழுதமாட்டேன். கடிதத்தை எல்லாருக்கும் கேட்கும்படி நானே படித்தேன். அவனை வேண்டாம் என்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

யாரோ ஒருவர், என்ன இருந்தாலும் அத்தனை வருஷம் போலீஸ்காரனாக இருந்தவன் அல்லவா என்று முணுமுணுத்தார். குவில்டி கைகளைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"போலீஸ்காரனுக்கு இந்த ஊர்ல எடம் கெடையாதுன்னு மொதல்ல சொன்னவன் நான்தான். இப்பவும் அதத்தான் சொல்றேன். ஆனா அவன் போலீஸ்காரன் இல்ல. அந்த வேலய நம்ம படியிலதான் விட்டுட்டுப் போனான், நானே மதிலுக்குப் பின்னால நின்னு பாத்தேன். சொசைட்டிக்குத் திரும்பச் சுவர் எழுப்பணும். அவனுக்குக் கல் தூக்க வருமா வராதா, அத மட்டும் சொல்லுங்க."

விலா இன்னும் சரியாகவில்லை என்றேன். "அப்ப சாந்து கொழைக்கட்டும்" என்றார்.

பெயர் எழுதமாட்டேன் என்றேனே, அவர் கடைசியில்தான் எழுந்தார். போகும்போது என் பக்கத்தில் நின்று, "அக்கா சொல்லைக் கேட்டுட்டான் போல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

என் கூரையைப் பற்றிக் கவலைப்படாதே. எரித்தால் எரிக்கட்டும். இந்த வட்டாரத்தில் எரிந்த கூரைகளுக்குக் கீழே யாரும் வாழாமல் இல்லை. கூரைக்குப் பயந்து ஒவ்வொருவராகக் கப்பலேறினால், கடைசியில் இந்த நாட்டில் கேப்டனும் அவர் லாரியும்தான் மிச்சம் இருப்பார்கள்.

இந்தக் கடிதத்தையும் பிரித்துப் படிப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: மலாக்கி ஹெஷன் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். வயல் வழியாக இல்லை, இருட்டிய பிறகும் இல்லை. அன்று க்ளோன்பிராக்கில் சந்தை. ஊரே தெருவில் இருக்கும். சந்தை முனையில் குவில்டியும் லாரும் நானும் நிற்போம், இன்னும் வருகிறவர்களும் நிற்பார்கள். அங்கிருந்து எல்லாருமாக நடந்து வருவோம்.

பெரிய ரோட்டிலேயே வா. போலீஸ் ஸ்டேஷன் வழியாகவே வா. படியில் கேப்டன் நின்றால் நிற்கட்டும். அந்த இடம் வரும்போது மட்டும், உனக்கு விலா வலிக்கிறதே, அவசரப்படாமல் மெதுவாக நட.

அக்கா